நடக்க வாய்ப்பில்லை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாரியெட்டா என்றோர் ஊர். 1985 ஜூன் 3 அன்று அங்கிருந்த புற்றுநோய் மையமொன்றில் 61 வயதுப் பெண் ஒருவர் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகப் படுத்தார். மார்பகக் கட்டியை ஏற்கெனவே அறுவை செய்து எடுத்துவிட்டிருந்தார்கள். காறை எலும்பை ஒட்டிய பகுதிக்கு எலக்ட்ரான் கதிர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இயந்திரம் இயங்கியதும் பழுக்கக் காய்ச்சிய வெப்பம் உள்ளே பாய்ந்ததுபோல் உணர்ந்தார். தொழில்நுட்பர் அறைக்குள் வந்தபோது, என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்றார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று பதில் வந்தது. தோலில் அப்போது தடயம் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் சூடாக இருந்தது.

பிறகு அந்த இடம் சிவந்து வீங்கியது. தோள் அசைய மறுத்தது. முதுகுப் பக்கத்திலும் நேர் எதிரே ஒரு சிவப்பு வட்டம் தோன்றியது, ஏதோ ஒன்று உடம்பைத் துளைத்துக்கொண்டு போனதுபோல. ஆனாலும் சிகிச்சையின் வழக்கமான விளைவு என்று கருதி அவரை அதே இயந்திரத்துக்கே மறுபடியும் அனுப்பினார்கள். வழக்கமாக ஒருமுறைக்குக் கொடுக்கப்படும் அளவு 200 ராட் போல இருக்கும். அவருக்குப் பாய்ந்தது 15,000 முதல் 20,000 ராட்வரை இருக்கலாம் என்று அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் பின்னர் கணக்கிட்டார். மார்பகத்தை நீக்க வேண்டியதாயிற்று. கையும் தோளும் பயனற்றுப் போயின. அவர் பெயரைத் தேடினால் கிடைக்கும். நான் எழுதவில்லை, அவருடைய வலி போதுமான அளவு பொதுச்சொத்தாகிவிட்டது.

அந்த இயந்திரத்தின் பெயர் தெராக்-25. கனடா அரசுக்குச் சொந்தமான அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட் என்ற நிறுவனம் தயாரித்தது. இதைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, நான்சி லெவ்சன் என்ற பெண் கணினி அறிவியலாளரும் கிளார்க் டர்னரும் 1993இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக்கட்டுரையால் வந்தது. தமிழ் படித்தவள் நான். இயற்பியல் எனக்குத் தூரம். ஆனாலும் அந்தக் கட்டுரையை ஒரு வழக்குரையைப் போலத்தான் வாசித்தேன். யார் சொன்னார்கள், யார் கேட்டார்கள், யார் கேட்க மறுத்தார்கள் என்பதே அதன் கதை.

இயந்திரத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெராக்-25 இரண்டு விதமாக வேலை செய்யும். மேலோட்டமான இடங்களுக்கு எலக்ட்ரான் கற்றையை நேரடியாகப் பரப்பிக் கொடுக்கும். ஆழமான இடங்களுக்கு எக்ஸ் கதிர் கொடுக்கும். எக்ஸ் கதிர் உண்டாக்குவதற்கு எலக்ட்ரான் கற்றையைப் பல மடங்கு வலுவாக்கி, நடுவில் ஓர் உலோகத் தடுப்பின் மீது மோதவிட வேண்டும். வலுவான கற்றை வெளிவரும்போது அந்தத் தடுப்பு அங்கே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் மாரியெட்டாப் பெண்ணின் முதுகு காட்டியது. இதே நிறுவனத்தின் முந்தைய இயந்திரமான தெராக்-20இல் இப்படி நேராமல் தடுக்கத் தனிப் பூட்டுகள் இருந்தன. புதியதில் அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டுப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள். விபத்துகளுக்குப் பிறகு பார்த்தபோது, பழைய இயந்திரத்தின் மென்பொருளிலும் அதே பிழை இருந்தது தெரிந்தது. அங்கே பிழை நேர்ந்தபோதெல்லாம் ஃபியூஸ் போயிருக்கிறது. ஃபியூஸை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

1983இல் அந்த நிறுவனம் பாதுகாப்பு ஆய்வு ஒன்று செய்திருந்தது. மென்பொருளில் பிழை இருக்கலாம் என்ற எண்ணமே அதில் இல்லை. கணினி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுப்பதற்கான வாய்ப்பு பத்தாயிரம் கோடியில் ஒன்று என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மாரியெட்டாவின் இயற்பியலாளர் சரியான கேள்வியைத்தான் தொலைபேசியில் கேட்டார்: கற்றை பரப்பப்படாமலேயே எலக்ட்ரான் வெளிவர முடியுமா? மூன்று நாள் கழித்து நிறுவனப் பொறியாளர்கள் பதில் சொன்னார்கள். முடியாது.

‘நடக்கவில்லை’ என்பதும் ‘நடக்க வாய்ப்பில்லை’ என்பதும் ஒன்றுபோலக் கேட்கின்றன. முதலாவதைச் சொல்பவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதைச் சொல்ல இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. கல்லூரிகளில் புகார்க் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இரண்டாவது வாக்கியம் நன்றாகப் பழக்கம். அவரா? இருக்காது. இருபது வருஷமாகப் பார்க்கிறோம். மனிதருக்குக் கிடைக்கும் இந்த நற்சான்று இயந்திரத்துக்கும் கிடைக்கிறது. பல்லாயிரம் முறை ஒழுங்காக வேலை செய்த ஒன்று இந்தமுறை மட்டும் எப்படித் தவறும்?

அடுத்தது 1985 ஜூலை, கனடாவின் ஹாமில்டன் நகரம். கருப்பை வாய்ப் புற்றுக்காக 40 வயதுப் பெண்ணுக்கு 24ஆவது முறைச் சிகிச்சை. ஐந்து விநாடியில் இயந்திரம் நின்றது. கதிர் எதுவும் போகவில்லை என்று திரை சொன்னது. இயக்குநர் தொடரும் விசையைத் தட்டினார். மறுபடி நின்றது, மறுபடி தட்டினார். இப்படி ஐந்து முறை நின்ற பிறகு இயந்திரம் முழுதாக அணைந்தது. இடுப்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல எரிகிறது என்றார் அந்தப் பெண். அவர் அந்த நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். உயிரோடு இருந்திருந்தால் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது. நிறுவனம் ஒரு சிறு சுவிட்சின் மேல் சந்தேகப்பட்டு அந்தப் பகுதியைத் திருத்தி அமைத்தது. பாதுகாப்பு ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டதாக அறிவித்தது.

மூன்றாமவரும் பெண்தான். வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமாவில் 1985 டிசம்பரில் ஒருவருக்கு இடுப்பில் கோடு கோடாகத் தோல் சிவந்தது. ஊழியர்கள் காரணம் தேடினார்கள். அவர் வீட்டில் சூட்டு ஒத்தடத் திண்டு பயன்படுத்துகிறாரே, அதன் கம்பிகளாக இருக்குமோ என்று திண்டை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கூடப் பார்த்தார்கள்; பொருந்தவில்லை. நிறுவனத்துக்கு எழுதினார்கள். எங்கள் இயந்திரத்தாலும் நேர்ந்திருக்காது, இயக்கியவர் தவறாலும் நேர்ந்திருக்காது, வேறெங்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை என்று பதில் வந்தது. மாரியெட்டாப் பெண் அதற்கு முன்பே வழக்குத் தொடுத்திருந்தார். உனக்கு மட்டும்தான் இப்படி, வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்ற வாக்கியத்தின் வேலை எப்போதுமே இதுதான். ஹாமில்டனும் யக்கிமாவும் மாரியெட்டாவும் ஒன்றையொன்று அறியாதவரை மூன்று பெண்களும் தனித்தனி விதிவிலக்குகள்.

1986 மார்ச் 21, டெக்சாஸின் டைலர் நகரம். இந்தமுறை நோயாளி ஓர் ஆண். இயக்கியவர் அனுபவமுள்ள ஒரு பெண். எலக்ட்ரானுக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார்; சட்டென்று மேலே போய்த் திருத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் வேகமாக ஒப்புக்கொண்டு வந்தார். ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் விழுந்தது. அதன் பொருள் எந்தக் கையேட்டிலும் விளக்கப்படவில்லை. அந்த இயந்திரம் ஒருநாளில் எத்தனையோ முறை இப்படி நின்று நின்று ஓடும். தொடரும் விசையைத் தட்டினார். அன்று அறையின் வீடியோ இணைப்பு கழற்றப்பட்டிருந்தது, பேச்சுக் கருவி பழுது. முதல் அடியிலேயே எழுந்திருக்க முயன்ற அந்த மனிதர் இரண்டாவது அடியைக் கையில் வாங்கிக்கொண்டு, வந்து கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையை வரவழைக்க முடியவில்லை. மின்கசிவாக இருக்கலாம் என்றார்கள். ஏப்ரல் 7இல் இயந்திரம் மறுபடி ஓடியது. நான்கே நாளில் அதே இயக்குநர், அதே மால்ஃபங்ஷன் 54, இன்னொரு ஆண்.

இப்போது நடந்ததைத்தான் மாணவிகளுக்கு விரிவாகச் சொல்ல விரும்புவேன். டைலரின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை நிறுத்தினார். இயக்குநரோடு உட்கார்ந்தார். அன்று என்ன செய்தீர்கள், எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் என்று கேட்டுக் கேட்டு, அவர் விரல்கள் செய்ததை மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். கடைசியில் அவர்கள் நினைத்தபோதெல்லாம் 54 வந்தது. சூட்சுமம் வேகத்தில் இருந்தது. காந்தங்கள் தயாராக எடுத்துக்கொள்ளும் எட்டு விநாடிக்குள் திருத்தம் செய்யப்பட்டால் மென்பொருள் அதைப் பார்க்கத் தவறியது. மெதுவாகத் தட்டிப் பார்த்த பொறியாளர்களுக்கு அது அகப்படாமல் போனதில் வியப்பில்லை. நாள்தோறும் செய்து கை பழகிய ஒரு பெண்ணின் விரல்களில்தான் அந்த அறிவு இருந்தது. கேட்க ஆள் வந்ததும் அது வெளியே வந்தது. 1987 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த இயந்திரங்களின் பயன்பாட்டை நிறுத்தச் சொன்னது. அதற்குள், அதற்கு முந்தைய மாதமே, யக்கிமாவில் ஆறாவது ஆளும் பாதிக்கப்பட்டிருந்தார்.

முதல் மூவரும் பெண்கள். இரண்டு ஆண்கள் அடிபட்ட பிறகே உண்மை வெளிவந்தது. இந்த வரிசையை வைத்து ஒரு முடிவுக்குத் தாவுவது எளிது. நான் தாவமாட்டேன். டைலரின் முதல் நோயாளியின் பேச்சும் மின்கசிவு என்று ஒதுக்கப்பட்டதுதான். அங்கே உண்மை வெளிவந்ததற்கு, ஒரே இடத்தில் இரண்டுமுறை நடந்ததும், விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் இருந்ததுமே காரணம். ஆனால் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும், சட்டை களைந்து, அசையாமல், தனியறையில், தன்னைப் பற்றிப் பிறர் வெளியே பேசிக்கொண்டிருக்கப் படுத்திருக்கும் அந்த நிலை பெண்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த நிலை. அதில் இருந்துகொண்டு சொல்லப்படும் சொல்லுக்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்பதும் தெரிந்ததே. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வெளிவந்த தம் நூலில் இதைச் சாட்சியத்துக்கு இழைக்கப்படும் அநீதி என்று விளக்கினார். கேட்பவரின் முன்முடிவால், சொல்பவர் ‘அறிந்தவர்’ என்ற தகுதியையே இழக்கிறார். எனக்கு அந்தக் கருத்தில் பெரும் உடன்பாடு உண்டு. ஆனால் கதிர்வீச்சு அறைக்கு அது முழுதாகப் போதாது.

ஏனென்றால் இந்தச் சிகிச்சை சுடத்தான் செய்யும். தோல் கறுக்கும், தொண்டை புண்ணாகும், சிறுநீர் எரியும். எல்லாம் எதிர்பார்த்தவை. நம் ஊரில் இதை ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்றுதான் சொல்வார்கள். கரண்ட் வைத்தால் சுடாமலா இருக்கும் என்ற சமாதானம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எதிர்பார்த்த துன்பத்துக்குள் எதிர்பாராத துன்பம் எளிதில் ஒளிந்துகொள்ளும். பிரிட்டனில் மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்கள் பலருக்கு, ஆண்டுகள் கழித்து, கை மரத்து, வலித்து, கடைசியில் தொங்கிப்போனது. அக்குள் பக்கத்து நரம்புப் பின்னல் கதிரால் சிதைந்திருந்தது. உயிர் பிழைத்தீர்களே என்பதே பலருக்கும் கிடைத்த ஆறுதல். 1991இல் அவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள்; அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ரேஜ்’, அதாவது சீற்றம் என்று வரும். அவர்கள் விடாமல் கேட்டதால் கதிரியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி சுதந்திரமான ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. மார்புக்குக் கொடுத்துவிட்டு அக்குளுக்குக் கொடுப்பதற்கு முன் நோயாளியை அசைத்துப் படுக்கவைத்த இடங்களில் பாதிப்பு கூடுதல் என்று அது 1995இல் சொன்னது. அசைக்கும்போது இரண்டு கற்றைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடும். தனித்தனியாகச் சொன்னபோது பக்க விளைவாக இருந்தது, கூடிச் சொன்னபோது சிகிச்சை முறையின் கோளாறாயிற்று.

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள். எரிகிறது, காந்துகிறது, கடுக்கிறது, குத்துகிறது, குடைகிறது, சுரீர் என்கிறது, விண் விண் என்று தெறிக்கிறது. மிளகாய் அரைத்த கைக்குக் காந்தல் என்றால் என்னவென்று தெரியும். அதை எரிச்சல் என்று யாராவது திருத்தினால் கோபம் வரும். இவை அலங்காரங்கள் இல்லை, அளவுகள். மருத்துவமனைக் குறிப்பேட்டில் எல்லாம் ‘வலி’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. என் பெரியம்மா ஒரு மருத்துவமனையில் 25 நாள் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டபோது உடன் போய்க்கொண்டிருந்தேன். பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ, உள்ளே போய்ப் படுத்தவர், “ஏம்மா, இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி கேக்குதே” என்றிருக்கிறார். அங்கிருந்த இளம் தொழில்நுட்பர் அவரை இறக்கி உட்காரவைத்துவிட்டு இயற்பியலாளரைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், பெரியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. “இவ்வளவு பேரைக் காக்க வெச்சுட்டேனே” என்றார். அந்தப் பெண், “சொன்னதுதான் சரி பாட்டி, நாளைக்கும் ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க” என்றாள்.

அந்தப் பெண் பெரியம்மாவை நம்பினாள் என்று சொல்ல முடியாது. சத்தம் மாறியிருந்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை. நம்பாமலேயே நிறுத்தினாள். எனக்கு இங்கேதான் ஃபிரிக்கரைத் தாண்டி ஒன்று தெரிந்தது. நோயாளியின் சொல்லை உண்மை என்று ஏற்றுக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையைக் கேட்க வேண்டியதில்லை; அந்தச் சொல்லுக்கு இயந்திரத்தை நிறுத்தும் வலு இருக்க வேண்டும். நம்பிக்கையைக் கேட்டால், சொல்பவர் யார், படித்தவரா, பதறுகிறவரா, ஏற்கெனவே நிறையக் குறை சொன்னவரா என்றெல்லாம் பார்ப்பார்கள். சோதனையைக் கேட்டால் அதெல்லாம் தேவைப்படாது. கண்ணகி கேட்டதும் சோதனைதான். பாண்டியன் சிலம்பை வரவழைத்து முன்னால் வைத்தான். உடைந்து மாணிக்கம் தெறித்தது. சோதனை முறையில் ஒரு குறையும் இல்லை, கோவலன் உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம் என்பதைத் தவிர.

இதற்கு நேர்மாறான சங்கடமும் ஒன்று உண்டு. உடம்பு சாட்சி சொல்லவே முடியாத பிழைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் 1982 முதல் 1991 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தேவையானதைவிடக் குறைவான கதிர் கொடுக்கப்பட்டது. தூரத்துக்கான திருத்தத்தைப் புதிய கணினியே செய்துகொண்டிருந்தது. அது தெரியாமல் மேலும் ஒருமுறை கையாலும் அந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் சுடவில்லை, தோல் அவ்வளவாகக் கறுக்கவில்லை. சிகிச்சை சுகமாகப் போகிறது என்று மகிழ்ந்தவர்கள்கூட இருந்திருப்பார்கள். புற்று திரும்பி வந்தால், அது நோயின் குணம் என்றாகிவிடும். உடம்பின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் இவர்களைக் கைவிட்டவர்கள் ஆவோம். பெண்ணிய எழுத்தில் அனுபவத்துக்கு நாம் தரும் முதலிடத்தை இந்த ஒன்பது ஆண்டுகள் கொஞ்சம் அசைத்துப் பார்க்கின்றன. அளவுகோலும் நமக்கு வேண்டும், அதுவும் இன்னொருவர் கையில் இருக்கும் அளவுகோல்.

தர உறுதி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது அந்த இன்னொருவரைத்தான். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் இயந்திரம் வெளியிடும் கதிரின் அளவைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். சொன்ன அளவிலிருந்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகினால் பேச்சு எழ வேண்டும். நீர் நிரப்பிய தொட்டியில் உணர்கருவியை இறக்கி, மனித உடம்புக்குப் பதிலாக அந்த நீரில் அளக்கிறார்கள். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர், முதலாமவரின் தாளைப் பார்க்காமல், முதலிலிருந்து போடுகிறார். 1996இல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரில் கோபால்ட் மூலத்தை மாற்றியபோது 0.3 நிமிடத்தை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். அது 18 விநாடி. 115 பேருக்குப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கதிர் போனது. இரண்டாவது ஆள் ஒருவர் பென்சிலும் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான்.

நம் நாட்டில் இத்தகைய மையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் நடத்த முடியாது. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த இயற்பியலாளரைப் பார்த்ததே இல்லை. மருத்துவரைத் தெரியும், ஊசி போடும் சிஸ்டரைத் தெரியும், படுக்கவைக்கும் தொழில்நுட்பரைத் தெரியும். தன் உடம்புக்குள் போவதை அளந்தவர் யார் என்று தெரியாது. கேட்கலாம் என்பதும் தெரியாது.

அம்மாவையோ அத்தையையோ அழைத்துப் போகும் மாணவிகள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். இயற்பியலாளர் யார், இன்று காலைச் சோதனை முடிந்ததா, திட்டத்தை இரண்டாமவர் சரிபார்த்தாரா. முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நல்ல மையங்களில் சுளிக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், உள்ளே படுக்கப்போகிறவரிடம் ஒன்று சொல்லிவைப்பது. அறைக் கதவு மூடியதும் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பேசினால் வெளியே கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று வேலை செய்யாத நாளில் சிகிச்சையே தொடங்கக் கூடாது. டைலரில் அன்று இரண்டுமே இல்லை. அசையாமல் படுக்கச் சொல்வார்கள், உண்மைதான். ஏதாவது வேறு மாதிரி தோன்றினால் கத்தலாம், கையைத் தூக்கலாம். எந்தக் கையை என்பதை முதல்நாளே தொழில்நுட்பரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்த பக்கத்துக் கை பலருக்கும் தூக்க வராது.